அதிகம் கேட்கப்பட்ட வல்லுநர்

செப்டம்பர் 9

குடிநீர் நிறுவனத்தின் அறிவுத் தளப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் நிறுவனத்திலிருந்து நேற்று எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே கெட்டி அட்டையில், தங்க நிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ். 'இந்த ஆண்டில் அதிகம் கேட்கப்பட்ட வல்லுநர்' என்று என் பெயரைப் போட்டு, 'உங்கள் அறிவைத் தொடர்ந்து பகிர்ந்து வருவதற்கு நன்றி' என்று அச்சடித்திருந்தது. கீழே தங்கள் கையெழுத்து.

நான் அங்கிருந்து விலகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இந்த ஓராண்டில் நான் யாருக்கும் எதையும் பகிரவில்லை. செத்தவனுக்குச் சிறந்த ஊழியர் விருது கொடுத்த மாதிரி இருக்கிறது. என் மனைவி அதைக் கூடத்தில் மாட்டலாமா என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்பது கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடுவதில்லை.

நான் தங்கள் தளத்தில் எழுதிய ஒரே பதிவு என்ன ஆனது என்பது தாங்கள் அறிந்ததே. ஏரிக்கரைக் குடியிருப்பில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஏரி எப்போது புரளும் என்பதைப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். 'புரண்டு படுப்பதற்கு முன் ஏரி பெருமூச்சு விடும்' என்ற வரியைத் தாங்கள் கூட்டத்தில் திரையில் போட்டு, ஒரு பதிவை எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணம் காட்டினீர்கள். அரங்கமே சிரித்தது. அன்று மாலைக்குள் எனக்குப் 'பெருமூச்சு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாசல் காவலாளி என் வண்டிக்குக் கதவைத் திறந்துவிட்டு, மூச்சை இழுத்து விட்டுக் காட்டினான்.

தளத்திலிருந்து என் பெயரை நீக்கிவிடவும். வேறு கோரிக்கை இல்லை. தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தங்கள் எண்ணை என் கைபேசி ஏற்காது.

இப்படிக்கு,
முன்னாள் ஏரிப் பொறியாளர்


செப்டம்பர் 15

அண்ணா,

'தாங்கள்', 'தங்கள்' என்று படித்ததும் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சான்றிதழை அனுப்பியது நான் இல்லை. தளமே அனுப்பியது. யாருக்கு அதிகம் கேள்வி வந்தது என்று அது ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும், அச்சடிக்கும், முகவரியை ஒட்டும், தபாலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும். என் கையெழுத்தை ஒருமுறை கொடுத்துவைத்திருக்கிறேன். நடுவில் ஒரு மனிதர்கூட அதைப் பார்ப்பதில்லை. உன் பெயர் இன்னும் 'ஏரி' என்ற தலைப்பில் வல்லுநராக இருக்கிறது என்பதே உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அறிவுத் தளத்துக்கு நான் பொறுப்பாளர். நீ சிரிக்கலாம்.

மின்னஞ்சலில் எழுதாததற்கும் அந்தத் தளம்தான் காரணம். அலுவலகத்தில் எதைத் தட்டினாலும் தளம் அதை எடுத்து, சொற்களாகப் பிரித்து அடுக்கிவிடுகிறது. நாளைக்கு யாராவது 'அண்ணன்' என்று தேடினால் இந்தக் கடிதம் வந்து நிற்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் காலைப் பனியில் ஏரி தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பரப்பு. அதன் நடுவில் நீர் எடுக்கும் கோபுரத்தின் தலை மட்டும். பார்த்துக்கொண்டே நின்றேன். அழகாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலம் முழுக்க மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் ஒன்றோடொன்று பேசாமல் இரண்டு அடுக்காகக் கிடக்கும். குளிர் வந்ததும் மேலே இருப்பது கனத்து இறங்கும். அடியில் இருப்பது அத்தனை நாள் சேர்த்துவைத்த இரும்போடும் மாங்கனீசோடும் மேலே வரும்; ஏரி புரண்டுவிடும். அதற்கு முன்னால் மேட்டுத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டு கோபுரத்தின் மதகுகளை மூடிவிட வேண்டும். ஆனால் தொட்டித் தண்ணீர் ஊருக்குச் சில நாள்தான் தாங்கும். முந்தி மூடினால் ஏரி தெளிவதற்குள் ஊர் வறண்டுவிடும். பிந்தினால் கறுப்புத் தண்ணீர் குழாயில் இறங்கிவிடும்.

நீ இருந்தவரை ஒரு காலையில் வந்து 'மூடுங்க' என்பாய். மூடுவார்கள். போன வருடம் நாங்கள் பழைய தேதிகளைக் கூட்டி வகுத்து ஒரு நாளைக் குறித்தோம். பிந்திவிட்டோம். ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவின் இயந்திரங்களை நிறுத்தி, நோயாளிகளை வண்டிகளில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். நான் வாசலில் நின்றேன். ஒரு அம்மா வண்டிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

ஏரிக்குள் தொங்கவிட்ட வெப்பமானிகளில் பாசி படிந்து, எல்லா ஆழத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. புதியவை வருகின்றன, வருகின்றன என்கிறார்கள். உன் பதிவைத் தேடினேன். நிராகரித்த பதிவுகளைத் தளம் மூன்று மாதம் வைத்திருந்து அழித்துவிடும். அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

இன்னொரு முறை எழுதித் தருவாயா?

தங்கை


செப்டம்பர் 21

தங்கைக்கு,

'பொறுப்பாளர் அவர்களுக்கு' என்று எழுதக் கை வலிக்கிறது. மற்றபடி எதுவும் மாறவில்லை.

என்னிடம் நகல் இல்லை. 'வெளியே எழுதிவைத்து ஒட்டாதீர்கள், நேரடியாகத் தளத்தின் கட்டத்துக்குள் எழுதுங்கள்' என்று சுற்றறிக்கை விட்டது யார்? கட்டத்துக்குள் எழுதினேன். கட்டத்தோடு போயிற்று.

போன வருடக் கறுப்புத் தண்ணீரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒரு பெண் வாளியைச் சாய்த்துக் காட்டினாள். உன் அண்ணி என் முகத்தைப் பார்த்து, "சிரிக்கிறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் எதை மறக்கவில்லை தெரியுமா? சிரித்தவர்களை மறந்துவிட்டேன். பெயர் வைத்தவர்களையும் மறந்துவிட்டேன். சின்ன வயதில் அந்த ஒற்றை அறையில் நீ சுவர் ஓரம், நான் கதவு ஓரம் படுப்போம். விளக்கை அணைத்ததும் ஆரம்பிப்பாய்: "அண்ணா, என் பக்கம் திரும்பிப் படு." எனக்குக் கதவுப் பக்கம்தான் காற்று வரும். ஆனாலும் திரும்பிப் படுப்பேன். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்து மெதுவாகப் புரண்டால், இருட்டிலிருந்து உன் குரல் வரும். அந்தக் கூட்டத்தில் நீ கடைசிவரை திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாய். ஒருமுறை என் பக்கம் திரும்பியிருக்கலாம்.

இங்கே ஏரி இல்லை. நான் இப்போது பாடம் நடத்தும் கல்லூரிக் கட்டடத்தின் மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் மட்டும் உண்டு. நீரோட்டவியல் வகுப்பில் மாணவர்கள் தலையைக் குனிந்து கைபேசிக்குள் நீந்துகிறார்கள். மதியம் ஓய்வறை நாற்காலியில் கண்ணயர்ந்தால் ஏரியின் அடியில் நடந்துபோகிறேன். மூச்சு முட்டுவதில்லை. தலைக்கு மேலே படகின் அடிவயிறு மெல்ல நகர்கிறது. கோபுரத்தின் மதகுகள் வீட்டு ஜன்னல்களைப் போல வெளிச்சமாக இருக்கின்றன. உள்ளே யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறார்கள். தட்டுகிறேன். தண்ணீருக்குள் தட்டினால் சத்தம் வருவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று, முடியும் என்று எனக்கே காட்டிக்கொள்ள ஒரு தாளை எடுத்தேன். 'ஏரி' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எனக்குத் தெரிந்தது என்ன என்பதே எனக்குத் தெரியவில்லை. போதுமா? போய் உன் தளத்திடம் கேள்.

என் பெயரை எடுத்துவிடு.

அண்ணன்


செப்டம்பர் 26

அண்ணா,

பெயரை எடுக்கப் பார்த்தேன். தளம் விடமாட்டேன் என்கிறது. ஒரு வல்லுநரின் கணக்கை மூடுவதற்கு முன் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டுமாம். கேள்வி அநாதையாகக் கூடாது என்று முன்பு ஒரு விதி போட்டோம். போடும்போது நன்றாகத்தான் இருந்தது.

உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீ போன பிறகும் ஏரியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் தளம் உனக்கே அனுப்பியிருக்கிறது. 'வல்லுநர் விரைவில் பதிலளிப்பார்' என்று அவர்களுக்கு ஒரு வரி போகிறது. அவர்களும் காத்திருந்து, மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

அச்செடுத்தால் தலைப்பும் குறியீடுமாக வருகிறது. அதனால் கையாலேயே எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதினால் கை கழன்றுவிடும். ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

படகுக்காரர், போன வருடம், இந்த மாதமும் அதையே கேட்டிருக்கிறார்: "சார், காலைல பனி முன்னெல்லாம் கரையிலேர்ந்து தண்ணிமேல போகும். இப்ப தண்ணியிலேர்ந்து எந்திரிச்சுக் கரைக்கு வருது. படகு எடுக்கலாமா?"

ஆய்வகத்து அம்மா, போன வருடம், போன வாரமும்: "சார், வெள்ளைப் பீங்கான்ல தண்ணி ஊத்திவச்சா மறுநாள் விளிம்புல ஒரு கறுப்புக் கோடு நிக்குது. அளவெல்லாம் வரம்புக்குள்ளதான் வருது. நான் கோட்டை நம்பவா, அளவை நம்பவா?"

கோபுரத்துக்காரர், போன வருடம்: "சார், நடு மதகுத் தண்ணிய மோந்து பாத்தா தீக்குச்சி உரசின மாதிரி வாசனை. எனக்கு மட்டும்தானா? வீட்ல என் மூக்கை யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

ஆஸ்பத்திரிக் குழாய் மேற்பார்வையாளர், இந்த மாதம்: "ஐயா, இந்தத் தடவையும் அப்படி ஆகுமா? முன்னாடி ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். நாங்க பாத்துக்குவோம்."

கோபுரத்துக்காரர், பல முறை: "சார், சாப்டீங்களா? இதுல கேள்வியா கேட்டாதான் போகுது. அதான் கேட்டேன்."

பெயர் போடாமல் ஒன்று: "ஏரி புரண்டு படுத்தால் யார் பக்கம் திரும்பும்?"

இவற்றுக்கு நீ பதில் எழுதினால் கணக்கை மூடிவிடலாம். விதி அப்படி. நான் எதுவும் கேட்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 30

இது உனக்கு எழுதும் கடிதம் இல்லை. உறையின் மேல் உன் முகவரி இருப்பது தபால்காரருக்காக. கேட்டவர்களிடம் சேர்த்துவிடு.

படகுக்காரருக்கு: எடுக்கலாம். தண்ணீரைவிடக் காற்று குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஏரி தன் சூட்டை மூச்சாக விடுகிறது. ஆனால் அந்தப் பனிக்குள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள். கரையில் யாரோ வாளி வைக்கும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். தூரம் என்பதே இல்லாததுபோல் இருக்கும். நான் அதற்காகவே உங்கள் படகில் ஏறி வருவேன். மாதிரித் தண்ணீர் எடுக்க வந்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பனி இப்படித் தண்ணீரிலிருந்து எழும் காலைகளில், ஏரியின் நீளவாக்கில் காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே அடித்தால் கவலையில்லை. நீளவாக்கில் அடித்தால் கோபுரத்துக்காரரிடம் சொல்லுங்கள்.

ஆய்வகத்து அம்மாவுக்கு: கோட்டை நம்புங்கள். அளவு இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறது; கோடு வரப்போவதைச் சொல்கிறது. அடித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. காற்றுப் பட்டதும் கறுக்கிறது. தலைமைப் பொறியாளர் கேட்டால் பீங்கானையே கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள்.

கோபுரத்துக்காரருக்கு: உங்கள் மூக்கு சரிதான், வீட்டில் சொல்லுங்கள். தீக்குச்சி வாசனை நடு மதகுக்கு வந்த அன்றே மேட்டுத் தொட்டிகளை நிரப்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் அன்றே மூடிவிடாதீர்கள். காத்திருங்கள். கோபுரத்துக்குள் இறங்கி, தண்ணீருக்கு மேலே கடைசிப் படியில் நில்லுங்கள். பேசாதீர்கள். மற்ற நாளில் குமிழிகள் ஒன்று, பிறகு ஒன்று என்று வரும். ஏரி புரளத் தொடங்கினால் அடிச்சேற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, கோபுரச் சுவரோடு உரசிக்கொண்டு மேலே வந்து, எல்லாம் சேர்ந்து உடையும். அது சத்தம் மாதிரி இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கத்தில் மூச்சை விட்டுத் திரும்புவது மாதிரி இருக்கும். கேட்டதும் மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு யோசிக்க நேரம் இல்லை.

ஆஸ்பத்திரிக்காரருக்கு: உங்கள் தொட்டியை முதலில் நிரப்பச் சொல்லுங்கள். அந்த வரிசையை மாற்றக் கூடாது.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன்: தாள் நிறைந்திருக்கிறது. நீ எழுது என்றபோது வராதது, படகுக்காரர் கேட்டதும் வந்துவிட்டது. இதில் உனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

பெயர் போடாதவருக்கு என்னிடம் பதில் இல்லை.

அண்ணன்


அக்டோபர் 12

அண்ணா,

ஏரி எட்டாம் தேதி புரண்டது. உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது.

உள்ளே செப்டம்பர் முப்பது என்று எழுதியிருக்கிறாய். உறையின் மேல் தபால் முத்திரை அக்டோபர் ஏழு என்கிறது. இரண்டு தேதிகளும் ஒரு வாரம் பேச்சுவார்த்தையில் இல்லை போலிருக்கிறது. நம் குடும்பத்துத் தேதிகள்.

பயந்துவிடாதே. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரிக் குழாயில் நானே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். அடியில் விரல் ரேகை தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்காகக் கேள்விகளைக் கையால் எழுதினேன் அல்லவா? எழுதும்போது வேகமாகப் படிக்க முடியாது. போன வருடத்துக் கேள்விகளின் தேதிகள் கண்ணில் பட்டன. முதலில் படகுக்காரரின் பனி. பிறகு பீங்கான் கோடு. பிறகு தீக்குச்சி. பிறகு கறுப்புத் தண்ணீர். யாரும் பதில் சொல்லாத கேள்விகள் ஏரி நடந்துவந்த பாதையை அப்படியே வைத்திருந்தன. இந்த வருடம் பனி வந்துவிட்டது, கோடு வந்துவிட்டது. தீக்குச்சிக் கேள்விக்காகத் தினமும் உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறாம் தேதி மாலை வந்தது. தொட்டிகளை நிரப்பச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியை முதலில் நிரப்பினேன். அதற்கு உன் கடிதம் தேவைப்படவில்லை, வண்டிக்குள்ளிருந்து பார்த்த அந்த அம்மாவின் முகம் போதும்.

ஆனால் எப்போது மூடுவது? அது எந்தக் கேள்வியிலும் இல்லை. எல்லாவற்றையும் அழித்தாயிற்று. உன் பதிவில் அழியாமல் மிஞ்சியது ஒரே வரி. நான் திரையில் போட்டுச் சிரிக்கவைத்த வரி. சிரித்தவர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

ஏழாம் தேதி இரவு கோபுரத்துக்காரரோடு உள்ளே இறங்கினேன். பெருமூச்சைக் கேட்பதென்றால் தண்ணீருக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்று கடைசிப் படியில் நின்றோம். மேலே இருந்த வட்டத்தில் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பனி அந்த வட்டத்தின் வழியாக உள்ளே வழிந்து, எங்கள் முழங்கால்வரை நின்றது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. அப்போது கேட்டது. கோபுரத்துக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஏரியில் நிற்கிற நினைவே இல்லை, அண்ணா. சுவர் ஓரம் படுத்திருந்தேன்.

அங்கிருந்தே தலைமைப் பொறியாளரை அழைத்தேன்.

"எந்த ஆதாரத்துலம்மா மூடச் சொல்றீங்க? வெப்பமானி ஒண்ணும் சொல்லலையே."

"பெருமூச்சு, சார். இப்பதான் விட்டுது."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் இதே பொழப்பாப் போச்சு," என்றார். "மூடித் தொலைங்க."

மதியத்துக்குள் ஏரி முழுக்கத் தேயிலைத் தண்ணீர் நிறம். மதகுகள் மூடியிருந்தன.

உன் பதில்களை நேற்று அவரவரிடம் படித்துக் காட்டினேன். ஆய்வகத்து அம்மா பீங்கானைத் தூக்கிக்கொண்டு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய்விட்டார். கோபுரத்துக்காரர் தன் பதிலை வீட்டில் காட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். படகுக்காரர் மட்டும், "சார் அதுக்குத்தான் வந்தார்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

அந்தக் கூட்டத்தில் நான் ஏன் உன் பக்கம் திரும்பவில்லை என்று இங்கே நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படிக்க முடியும். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

உன் கணக்கில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. பெயர் போடாதது. அதற்கு ஒரு பதில் வந்துவிட்டால் தளம் உன்னை விட்டுவிடும்.

தங்கை


அக்டோபர் 18

தங்கைக்கு,

தபால் பெட்டி கல்லூரி வாசலிலேயே இருக்கிறது. ஒரு வாரம் தினமும் அதைத் தாண்டிப் போனேன். சட்டைப் பையில் உறை இருந்தது. அதற்கு மேல் கேட்காதே.

அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வரிதான் படிக்க முடிந்தது. மற்றதை உன் அண்ணி படித்தாள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "நீங்களே போய்க் கேட்டுக்குங்க," என்றாள்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அரங்கமே சிரித்தது சிரித்ததுதான். அந்தக் காவலாளியை நான் விடப்போவதில்லை. நான் சொல்லாமலே நீ சரியான நேரத்தில் மூடிவிட்டாய் என்று படித்தபோது, ஊர் தப்பியதற்குச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது. இதையும் உன் தளத்தில் போட்டுக்கொள், 'ஏரிப் பொறியாளர்' என்ற தலைப்பில்.

சான்றிதழை உன் அண்ணி கூடத்தில் மாட்டிவிட்டாள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே. நான் கழற்றவில்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன்.

நேற்று மதியம் மறுபடி ஏரியின் அடியில் நடந்துபோனேன். தண்ணீர் தெளிந்திருந்தது. நடு மதகில் வெளிச்சம். தட்டினேன். சத்தம் வரவில்லை, ஆனாலும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். முகம் திரும்புவதற்குள் கல்லூரி மணி அடித்துவிட்டது.

கோபுரத்துக்காரரிடம் சொல், சாப்பிட்டேன் என்று. தினமும் சொல்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் கணக்கை மூடிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். ஆகவே கீழே இருப்பதைத் தளத்தில் ஏற்றாதே. அங்கே அந்தக் கேள்வி பதில் இல்லாமலே இருக்கட்டும். பெட்டி திறந்தே கிடக்கட்டும். இது பெயர் போடாதவருக்கு மட்டும்.

ஏரி புரண்டு படுத்தால் யார் பக்கம் திரும்பும்?

கேட்டவர் பக்கம்.

அண்ணன்